திறப்பு விழாவுக்குக் காத்திருந்த கழிப்பறை

"யக்கா, சாவியக் குடுங்க. செத்த நேரத்துல கொண்டாந்து தந்துருதேன்."

பொன்னுத்தாய் என் முன்னால் வந்து நின்று இப்படிக் கேட்டபோது காலை பதினொரு மணி இருக்கும். புரட்டாசி மாதம், ஆனாலும் வெயிலுக்குக் குறைச்சல் இல்லை. ராஜபாளையத்தில் நான் வாரத்துக்கு இரண்டு நாள் போய்வரும் காய்கறி மார்க்கெட்டின் பின்பக்கம், புதிதாகக் கட்டிய பெண்கள் கழிப்பறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் துடைப்பம். உள்ளே கழுவி, பினாயில் தெளித்து, அப்போதுதான் பூட்டைப் போட்டிருந்தேன்.

அதைக் கட்டி முடித்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு பெண்கூட உள்ளே போனதில்லை.

"திறப்பு விழா முடியட்டும் பொன்னு," என்றேன்.

"ஒருத்தருக்கும் தெரியாதுக்கா. அடிவயிறு கடுக்கு. உக்கார முடியல."

"உனக்குத் திறந்தா அம்புட்டு பேருக்கும் திறக்கணும். ஒரு பத்து நாள் பொறு."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, லாரிகள் நிற்கும் சந்துப் பக்கமாக நடந்து போனாள். நான் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். பிறகு எதிர்க்கடையில் ஒரு காபி குடித்தேன். மனதை ஒன்றும் உறுத்தவில்லை. அதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த வாரப் பத்தியை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

குடிக்காத தண்ணீர்

பொன்னுத்தாயை முதலில் சொல்லிவிடுகிறேன். மகாராஜபுரத்துக்காரி. நாற்பதைத் தாண்டியவள், கீரை விற்பவள். விடிவதற்கு முன்பே பறித்துக் கட்டி, வத்திராயிருப்பு வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ராஜபாளையத்துக்கு இன்னொரு பஸ். கூடையைத் தூக்கிவிட கண்டக்டரிடம் தினம் ஒரு சண்டை. மார்க்கெட்டில் போய் உட்கார்ந்தால் மத்தியானம் மூன்று மணிவரை எழுந்திருக்கமாட்டாள்.

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் என்னை எழுப்புவது வைத்தியநாதர் கோயில் மணிதான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அத்தனை வருடம் பஸ் ஏறிய கால் சும்மா இருக்காது. காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாரம் இரண்டு நாள் கிளம்பிவிடுவேன். "ஏன், நம்மூருல காய் முளைக்கலையா?" என்று என் தங்கை கேட்பாள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இடம். நல்ல சித்திரை வெயில். பொன்னுத்தாயின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்து என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். கையை ஆட்டினாள்.

"வேண்டாம்க்கா. குடிச்சா போகணும்ல?"

"எங்க?"

"எங்கயா? நல்லாக் கேட்டிய போங்க. ஒண்ணுக்குத்தான். மார்க்கெட்டுல ஆம்பளையளுக்கு சொவரு இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு? காலம்பற வாய் கொப்பளிச்சதோட சரி. பொறவு வீட்டுக்குப் போயித்தான் தண்ணி. நாங்க அம்புட்டு பேரும் அப்படித்தான்."

அம்புட்டு பேரும் என்றால் முப்பது பெண்கள் இருப்பார்கள். பூக்காரி, கருவாட்டுக்காரி, வாழை இலைக்காரி எல்லாம் சேர்த்து. எத்தனை வருடமாக அவர்களிடம் பேரம் பேசியிருக்கிறேன்! இது ஒருநாளும் என் தலைக்குள் ஏறவில்லை. நான் காய் வாங்கிக்கொண்டு தெரிந்த கடைக்குள் போய்விட்டு வந்துவிடுவேன். எனக்கு இடம் இருந்தது.

அந்த விஷயம்

சுப்பராஜாவிடம் போய்ச் சொன்னேன். வெங்காயம் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. கண் சிகிச்சை முகாம், அன்னதானம், மரக்கன்று நடுவது என்று ஊரில் எது நடந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பவர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

"தேவுடா! இத்தன நாளா இது யாருக்கும் தெரியலியே," என்றவர், அன்று சாயங்காலமே தன் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் கூட்டம் போட்டுவிட்டார். பெண்கள் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். கடைக்காரர்கள் நின்றார்கள். பேசியதெல்லாம் நின்றவர்கள்தான். 'அந்த விஷயம்' ரொம்ப முக்கியம், 'அந்த விஷயத்துக்கு' ஒரு ஏற்பாடு செய்தாக வேண்டும், தாய்மார்கள் 'அந்த விஷயத்தில்' சிரமப்படுகிறார்கள் என்று அரை மணி நேரம் ஓடியது. எனக்கே வாய் வரவில்லை.

பொன்னுத்தாய் எழுந்தாள். "ஏன் இப்படி மென்னு முழுங்குதிய? மூத்திரம். அம்புட்டுத்தான். ஒதுங்கதுக்கு ஒரு எடம், ஒரு கதவு, உள்பக்கம் தாப்பா. அதைச் செஞ்சு குடுத்தா போதும்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கருவாட்டுக்காரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அதன் பிறகுதான் கூட்டம் கூட்டமாக நடந்தது. எங்கே கட்டலாம், சாக்கடை எந்தப் பக்கம் போகிறது, மார்க்கெட் சங்கத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று பெண்களே சொன்னார்கள். பழைய தராசுக் கொட்டகை இருந்த மூலையைச் சங்கம் கொடுத்தது. பேசாமல் கொடுத்துவிட்டார்கள். கேட்டிருந்தால் பத்து வருடம் முன்பே கொடுத்திருப்பார்கள் போல.

ஆளுக்கொரு சாமான்

பணமாகத் தண்டினால் பேச்சு வரும் என்று சுப்பராஜா ஒரு வழி சொன்னார். ஆளுக்கொரு சாமான். ஒருவர் செங்கல், ஒருவர் கதவு, ஒருவர் குழாய். பாத்திரக் கடைக்காரர் வாளியும் கப்பும். ஆலங்குளம் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் தன் சம்பளத்தில் பத்து மூட்டை வாங்கி இறக்கினார். அவருடைய மாமியார் மார்க்கெட்டில் பூ விற்கிறாள். டைல்ஸ் மூன்று கடையிலிருந்து வந்ததால் ஒரு சுவர் நீலம், ஒரு சுவர் பச்சை, ஒரு சுவரில் திராட்சைக் கொத்து. கண்ணைப் பறிக்கும்.

சாமான் கொடுக்க முடியாத பெண்கள் உடம்பைக் கொடுத்தார்கள். வியாபாரம் முடிந்ததும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மணல் சுமந்தார்கள். பொன்னுத்தாய் இரண்டு வாரம் கடைசி பஸ்ஸில்தான் ஊருக்குப் போனாள். கல் இடித்து அவள் கால் நகம் ஒன்று கறுத்துப்போனது. அந்த இரண்டு வாரம்போல் அந்த மார்க்கெட்டை நான் கண்டதில்லை. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னொருவர் போகாதவர்கள், ஒரே சட்டியில் கலவை குழைத்தார்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

வைகாசி கடைசியில் வேலை முடிந்தது. சுப்பராஜா ஒரு பித்தளைப் பூட்டு வாங்கிவந்து மாட்டினார்.

"தெறப்பு விழா வரைக்கும் புதுசு புதுசாவே இருக்கணும். பெரியவுக வந்து பாக்கையில நாத்தம் அடிக்கக் கூடாது பாருங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள், பொன்னுத்தாய் உட்பட. பத்து நாள்தானே என்று நினைத்தோம். சாவி யாரிடம் இருப்பது என்று பேச்சு வந்தது. எந்தக் கடைக்காரரிடம் கொடுத்தாலும் மற்றவர் முகம் சுளிப்பார். "டைம் ஆபீஸ் அம்மாகிட்ட குடுங்க. அவுக வெளியூரு, எந்தப் பக்கமும் சாயமாட்டாக," என்றார் யாரோ. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாளும் கல்லும்

ஆனி வந்தது. ஆனியில் புதுமனை புகக் கூடாது என்றார்கள். இது மனையா என்று கேட்டேன். கட்டடம் கட்டடம்தானே என்றார் சுப்பராஜா. ஆடி வந்தது. ஆடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அதோடு ஆண்டாள் கோயில் தேர், பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடந்தார்கள். ஆவணிக்கு நல்ல நாள் பார்த்தாகிவிட்டது. திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர் சம்மதமும் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் கல் வந்தது. சாமான் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் வெட்டிய கறுப்புக் கல். யார் பெயர் மேலே என்று ஒரு சண்டை கிளம்பியது பாருங்கள்! கதவு கொடுத்தவர், செங்கல் கொடுத்தவருக்குக் கீழே இருக்கமாட்டேன் என்றார். கதவு இல்லாமல் செங்கலை வைத்து என்ன செய்வாய் என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வாளி கொடுத்தவர் பெயர் விட்டே போயிருந்தது. கல் திரும்பிப் போய், மறுபடி வெட்டி, மறுபடி வந்தது. அதற்குள் பெரிய மனிதருக்கு ஏதோ அவசர வேலை. புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி பிறந்ததும் என்று அவர் இன்னொரு தேதி கொடுத்தார்.

மணல் சுமந்த பெண்கள் பெயர் அந்தக் கல்லில் இல்லை. அதைப் பற்றி அவர்கள் கேட்கவும் இல்லை, எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

இந்த நாலு மாதமும் வாரம் ஒருநாள் நான் போய்ப் பூட்டைத் திறந்து, யாரும் மிதிக்காத தரையைக் கழுவி, பினாயில் தெளித்து, மறுபடி பூட்டினேன். அத்தனை பெண்களும் தாகத்தோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு எழுதும்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

ஒரு பித்தளை டோக்கன்

நான் ஏன் அப்படி இருந்தேன் என்று யோசித்தால் மில்லில் போய் நிற்கிறது. மில்லின் பெயரைப் போடச் சொல்லி வாசகர் ஒருவர் தொடர்ந்து எழுதுகிறார். ஐயா, போடமாட்டேன்.

எங்கள் காலத்தில் ஸ்பின்னிங் பிரிவுக்கு ஒரே ஒரு பித்தளை டோக்கன். கழிப்பறைக்குப் போகிற பெண் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பிவந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். போன நேரம், வந்த நேரம் இரண்டும் நோட்டில் ஏறும். அந்த நோட்டு என் மேஜைமேல்தான் இருந்தது.

நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் வந்து நின்றாள். டோக்கன் வெளியே போயிருந்தது. "அவ வரட்டும்," என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அடுத்த வரியை எழுதினேன். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. விதி அப்படி, அவ்வளவுதான். கண்டிப்பான அம்மா என்று மேலே நல்ல பெயர். இருபத்தைந்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளிடம் ஒரு சாவியைக் கொடுத்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

பத்தடி தூரம்

சாவி தர மறுத்த நாளுக்குப் பிறகு நான் மார்க்கெட்டுக்குப் போனபோது பொன்னுத்தாயின் இடம் காலியாகக் கிடந்தது. அடுத்த முறையும் காலி. பக்கத்தில் வாழை இலை விற்பவளிடம் கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியாதா? குளிர்காய்ச்சல் வந்து தூக்கிட்டுப் போயிட்டாக. ஒங்க ஊரு பெரியாஸ்பத்திரியிலதான் கெடக்கா."

என் வீட்டிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டியிருந்தார்கள். கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். படு படு என்றேன். நர்ஸ் என்னை அவளுடைய சொந்தம் என்று நினைத்துக்கொண்டு வெளியே கூப்பிட்டாள். தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி, தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிட்டது. ஒரு சிறுநீரகம் இனிப் பாதிதான் வேலை செய்யும் என்றாள். "வீட்டுல கக்கூஸ் இல்லையாம்மா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொன்னுத்தாய் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இங்கன ஒரு நல்லதுக்கா," என்றாள். "பத்தடியில கக்கூஸு. மூணு நாளா எம்புட்டு தண்ணி குடிக்கேன்னு நெனைக்கிய? வயிறு முட்டக் குடிக்கேன்."

சொல்லிவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தாள். ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு, வாரேன் பொன்னு என்று எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் சாதாரணமாக அழுகிறவள் இல்லை.

நானே வைத்த விழா

மறுநாள் முதல் பஸ். யாரிடமும் கேட்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்ப் பூட்டைத் திறந்து, கதவை அகலத் திறந்து வைத்தேன். பூட்டைச் சாவியோடு சேர்த்துச் சாக்கடையில் போட்டேன். வெளியே ஒரு காய்ப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"திறந்தாச்சு, வாங்க," என்றேன்.

ஒருத்தியும் வரவில்லை. எட்டிப் பார்க்கிறார்கள், ஒருத்தியை ஒருத்தி இடிக்கிறார்கள். "விழா வைக்கலியே?" "சுப்பராஜா மொலாளி ஏசமாட்டாரா?" "ஏட்டி, நீ மொத போ." "ஆமா, நான் போறேன், அம்புட்டு பேரும் பாத்துட்டு இருப்பிய." நாலு மாதம் தேங்காய் உடைக்கப் போகிறோம் என்று சொல்லிச் சொல்லி, அதைக் கும்பிடுகிற இடமாக ஆக்கிவைத்திருந்தோம். அதற்குள் முதலில் போக அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது.

எனக்கு அப்போது போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எழுந்தேன். கைப்பையைப் பூக்காரியின் மடியில் வைத்தேன். எதிர்க்கடைக் குழாயில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்தேன். சந்தையே பார்த்துக்கொண்டிருக்க, அறுபது வயது தாண்டிய டைம் ஆபீஸ் அம்மாவாகிய நான் விறுவிறுவென்று உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். திராட்சைக் கொத்து டைல்ஸைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றேன். வெளியே கசமுசாவென்று பேச்சு. கப்பால் தண்ணீரை எல்லோருக்கும் கேட்கும்படி ஊற்றினேன்.

கதவைத் திறந்தால் வெளியே எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் கருவாட்டுக்காரி. "தள்ளுங்க தாயி, அவசரம்," என்று என்னை இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுப்பராஜா ஓட்டமும் நடையுமாக வந்தார். "தேவுடா! என்ன காரியம் பண்ணிட்டிய கிரேஸம்மா? அவருக்குத் தேதி சொல்லியாச்சே! கல்லு இன்னும் பதிக்கலியே!"

"பொன்னுத்தாய் ஆஸ்பத்திரியில கிடக்கா," என்றேன். நர்ஸ் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

அவர் நான் உட்கார்ந்திருந்த பெட்டியில் மெல்ல உட்கார்ந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அவ?"

"சொன்னாளே. எங்கிட்டச் சொன்னா. நான்தான் சாவியத் தரல."

அவர் எழுந்தார். போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய், விழா இல்லை என்று பெரிய மனிதரின் ஆளிடம் சொன்னார். மறுநாள் ஆள் வைத்துத் தொட்டிக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுத்தார். கல் அவருடைய கிட்டங்கிச் சுவரில் சாய்ந்துகிடக்கிறது. முன்னால் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருக்கிறது.

அவள் சொன்னது

பொன்னுத்தாய் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆயிற்று. கூடை சின்னதாகியிருந்தது. மத்தியானம்வரை உட்காரக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்ததும் நேராகப் பின்பக்கம் போனாள். நான் அவளுடைய சாக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நாலு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பெட்டிமேல் உட்கார்ந்ததையும், நான் முதலில் உள்ளே போனதையும் மார்க்கெட்டே கதையாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. கொஞ்சம் தலை வீங்கித்தான் இருந்தது.

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். சாக்கில் உட்கார்ந்து கீரைக்கட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

"நல்லாருக்காடி?" என்று நானே கேட்டேன்.

"நல்லாருக்குக்கா. தண்ணி நல்லா வருது." கீரைமேல் தண்ணீர் தெளித்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அன்னைக்கு நான் கேக்கையில தொறந்திருந்தாலும் இதே கதவுதானக்கா?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு விழா, நாள், சுப்பராஜா என்று ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ஆமா பொன்னு," என்றேன்.

யாரோ வந்து அரைக்கீரை என்ன விலை என்று கேட்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.